தெற்குவாடி சொந்தங்கள் குழு: யூகோஸ்லாவியா ஏன் உடைஞ்சது?

ஜெனிஃபா, 8:12
ஸ்டெல்லா அத்தை, குரூப் 1 மெயின்ஸுக்கு யூகோஸ்லாவியா படிக்கேன். எல்லா நோட்ஸ்லயும் "நூற்றாண்டுப் பகையால் உடைந்தது"ன்னு ஒரே வரி. அத எழுதினா போதுமா?

ஸ்டெல்லா டீச்சர், 8:15
போதாதும்மா. இரண்டாம் உலகப் போர்ல உஸ்தாஷாங்கிற குரோவாசிய ஃபாசிஸ்ட் ஆளுங்க செர்பியர்களக் கொன்னு குவிச்சது நிஜம். அந்தக் காயம் ஆறாமலே கிடந்துச்சு. ஆனா அதே ஜனங்க அப்புறம் 45 வருஷம் ஒண்ணாத்தான் இருந்தாங்க, போஸ்னியாவோட தலைநகர் சரயேவோவுல ஒருத்தருக்கொருத்தர் பொண்ணு குடுத்து எடுத்தாங்க. பகைய மட்டும் எழுதினா, ஏன் 1991ல உடைஞ்சது, 1961ல ஏன் உடையலங்கிறதுக்குப் பதிலே இருக்காது.

கபூர் காக்கா, 8:17
ஓட்டுக் கணக்க முதல்ல சொல்லுங்க டீச்சர். பிள்ளைங்க அதத்தான் விட்டுருதுங்க.

ஸ்டெல்லா டீச்சர், 8:24
சொல்றேன் காக்கா. யூகோஸ்லாவியாவுக்குள்ள 6 குடியரசு: ஸ்லோவேனியா, குரோவாசியா, போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ, மாசிடோனியா. செர்பியாவுக்குள்ள 2 தன்னாட்சி மாகாணம்: வோய்வோதினா, கொசோவோ. 1974 அரசியல் சட்டப்படி இந்த எட்டுக்கும் கூட்டுத் தலைமைக் குழுவுல ஆளுக்கொரு இடம். இழுபறி வந்தா நாட்டுத் தலைவர் டிட்டோ சொல்றதுதான் முடிவு. 1980 மே 4ல அவர் இறந்துட்டார். அதுக்கப்புறம் தலைவர் பதவி வருஷா வருஷம் சுத்தி வந்துச்சு. தீர்த்து வைக்கத்தான் ஆள் இல்ல.

செர்பியத் தலைவர் மிலோசெவிச் 1988-89ல ஊர் ஊரா கூட்டம் திரட்டி வோய்வோதினா, மாண்டினீக்ரோ தலைமைய இறக்கினார். 1989 மார்ச்ல கொசோவோவோட தன்னாட்சியப் பறிச்சார். அதிகாரத்தப் பறிச்சாரே தவிர குழுவுல அதுக்கு இருந்த இடத்த ஒழிக்கல. அந்த ஓட்ட தன் பக்கம் வச்சுக்கிட்டார். இத அடிக்கோடு போட்டு எழுது. செர்பியாவோட ஓட்டையும் சேத்தா எட்டுல நாலு அவர் கையில. ஜெயிக்கப் பத்தாது, யாரையும் நடக்கவிடாமத் தடுக்கப் போதும்.

1991 மே 15, குரோவாசியாவோட ஸ்டீபே மெசிச் தலைவராகிற முறை. தடுத்துட்டாங்க. 41ஆவது நாள், ஜூன் 25ல, ஸ்லோவேனியாவும் குரோவாசியாவும் விடுதலை அறிவிச்சிருச்சு.

சேசு, 8:26
நடுவுல கேக்கேன், மன்னிக்கணும். நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் உண்டா?

கபூர் காக்கா, 8:27
இல்ல தம்பி. காத்து எச்சரிக்கை இருக்கு.

கபூர் காக்கா, 8:33
ஜெனிஃபா, காசு விஷயத்தையும் சேத்துக்க. 1980கள் தொடக்கத்துலயே வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலர். 1989ல விலைவாசி ஒரே வருஷத்துல பத்து மடங்குக்கு மேல ஏறுச்சு. வசதியான ஸ்லோவேனியா "நாங்க சம்பாதிச்சு நீங்க செலவழிக்கிறதா"ன்னு கேட்டுச்சு. ஏழைக் கொசோவோவுக்கோ வந்தது பத்தல. இந்த நிலைமையில 1990 டிசம்பர்ல செர்பியா யாருக்கும் தெரியாம 100 கோடி டாலருக்கு மேல மதிப்புள்ள தினார தனக்கு ஒதுக்கிக்கிச்சு. பொதுப் பெட்டில ஒருத்தன் கை வச்சிட்டான்னு தெரிஞ்சப்புறம் மத்தவன் எதுக்குப் போடுவான்?

ஜெனிஃபா, 8:35
ஸ்லோவேனியாவுல சண்டை பத்தே நாள்ல முடிஞ்சுது. குரோவாசியாவுல மட்டும் ஏன் வருஷக்கணக்கு?

ஸ்டெல்லா டீச்சர், 8:43
நல்ல கேள்வி. ரெண்டு காரணம். ஒவ்வொரு குடியரசுக்கும் தனியா பிராந்தியப் பாதுகாப்புப் படை இருந்துச்சு. 1990ல கூட்டாட்சி ராணுவம் அதோட ஆயுதத்த வாங்கிக்கிச்சு. ஸ்லோவேனியா ஒரு பங்க ஒளிச்சு வச்சிருந்தது, குரோவாசியா கிட்டத்தட்ட எல்லாத்தையும் இழந்திருச்சு.

ரெண்டாவது, ஸ்லோவேனியாவுல செர்பியர் ரொம்பக் கம்மி. குரோவாசியாவுல 12 சதவீதம். 1990 டிசம்பர் அரசியல் சட்டம் அவங்கள நாட்டுக்கு உரிமைப்பட்ட இனம்ங்கிற நிலையிலருந்து சிறுபான்மையா இறக்கிருச்சு. அதுக்கு முன்னாடியே, ஆகஸ்ட்ல, செர்பியர் நிறைஞ்ச க்னின் ஊர்ப் பக்கம் அவங்க மரத்த வெட்டிப்போட்டு ரோட்ட மறிச்சாங்க. அங்க செர்பியப் போலீஸ்காரங்க குரோவாசிய அரசோட புதுச் சின்னத்த மாட்ட மாட்டோம்னாங்க. ஒரே நிலையத்துல உள்ள போலீஸ் ரெண்டு அரசுக்குக் கீழ்ப்படிய ஆரம்பிச்சா அந்த ஊருக்குப் பாதுகாப்பே கிடையாது.

டிவியும் குடியரசுக்கு ஒண்ணு. உலகப் போர்க் காலத்துப் புதைகுழியத் தோண்டி எலும்பக் காட்டுனாங்க. பொதுவா ஆரம்பிச்ச யூடெல் சேனலுக்கு ராத்திரி நேரந்தான் குடுத்தாங்க.

சேசு, 8:46
அப்ப சிலோன்ல நடந்ததும் இதேதானே டீச்சர்?

ஸ்டெல்லா டீச்சர், 8:52
அங்க வழி வேற சேசு. யூகோஸ்லாவியாவுல அதிகாரத்தப் பிரிச்சுக் குடுத்துட்டுத் திரும்பப் பறிச்சாங்க. இலங்கையில போருக்கு முன்னாடி உருப்படியா குடுக்கவே இல்ல. 1956 தனிச்சிங்களச் சட்டம். தமிழ்ப் பகுதிக்கு அதிகாரம் குடுக்கப் போட்ட 1957 பண்டா-செல்வா ஒப்பந்தம் மறுவருஷமே கிழிஞ்சுருச்சு. 1972 அரசியல் சட்டம் நாட்ட ஒற்றையாட்சின்னு எழுதி, சிறுபான்மைக்குக் காப்பா இருந்த பழைய 29ஆம் பிரிவையும் விட்டுருச்சு. 1983க்கு அப்புறம் மண்டபம் முகாமுக்கு வந்த ஜனத்தப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா?

ஜெனிஃபா, 8:54
போஸ்னியா?

கபூர் காக்கா, 8:58
அதுதான் நெஞ்சு பதறுற இடம். 1991 கணக்குல முஸ்லிம் 43, செர்பியர் 31, குரோட் 17 சதவீதம். எங்க கோடு போட்டாலும் யாரோ ஒருத்தர் வீடு தப்பான பக்கம் விழும். ஆளப் பிரிக்கணும்னா விரட்டணும், இல்ல கொல்லணும். 1995 ஜூலைல ஸ்ரெப்ரெனிச்சா ஊர்ல மட்டும் போஸ்னிய செர்பியப் படை முஸ்லிம் ஆம்பளைங்களையும் பையன்களையும் 8,000 பேருக்கு மேல கொன்னுச்சு. போஸ்னியப் போர்ல மொத்தம் சுமார் ஒரு லட்சம் உயிர். போர முடிச்ச டேட்டன் ஒப்பந்தம் கடைசில முஸ்லிம்-குரோட் பக்கத்துக்கு 51, செர்பியருக்கு 49 சதவீதம்னு நிலத்தப் பங்கு போட்டுச்சு.

ஜெனிஃபா, 9:01
செக்கோஸ்லோவாகியா மட்டும் எப்படி ரத்தம் சிந்தாம பிரிஞ்சுது?

ஸ்டெல்லா டீச்சர், 9:06
செக் பக்கம் ஸ்லோவாக்கியர் கம்மி, அந்தப் பக்கம் செக்காரங்க கம்மி. எல்லைக்கு யாரும் சண்டை போடல. சொத்த மக்கள்தொகைப்படி 2க்கு 1ன்னு பிரிச்சாங்க. 1993 ஜனவரி 1ல ரெண்டு நாடு. ஆனா பொது நாணயம் அங்கயும் நிக்கல. பிப்ரவரி 8ல பழைய நோட்டுலயே ஸ்டாம்ப் ஒட்டி ரெண்டாக்கிட்டாங்க.

ஜெனிஃபா, 9:08
சரி அத்தை. எழுதி நாளைக்கு அனுப்புறேன்.