குழந்தைக்காகக் காத்திருக்கும் நாட்களில் காபி: எங்கள் அனுபவங்கள்

திருமணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் கருத்தரிக்காதபோது, கும்பகோணத்தில் உள்ள புகுந்த வீட்டில் எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது என் காபித் தம்ளர்தான். "காபி உடம்புக்குச் சூடும்மா, விட்டுடு" என்று என்னிடம் சொன்ன பெரியவர்கள், என்னைவிட அதிகமாகக் குடிக்கும் என் கணவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்தக் குற்றவுணர்வைச் சுமந்துகொண்டே மகப்பேறு மருத்துவரிடம் கேட்டேன்.

1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ஒரு கோப்பைக் காபிக்குச் சமமான அளவுக்கு மேல் கஃபைன் (காபியிலும் தேநீரிலும் இருக்கும் ஊக்கப் பொருள்) அருந்திய பெண்கள் ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் கருத்தரிக்கும் வாய்ப்பு பாதியாகக் குறைந்திருந்தது என்றும், ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 104 பேர் மட்டுமே என்றும், பிற்பாடு டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் நடந்த ஆய்வில் காபியால் பெரிய தாமதம் எதுவும் தென்படவில்லை என்றும் அவர் விளக்கினார். அளவு முக்கியம் என்பதே அவர் கூறியதன் சாரம். கருத்தரிக்க முயல்பவர்கள் நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபைனுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 வரையும் கஃபைன் இருக்கிறது. ஆகவே நம் வீட்டுக் கெட்டிக் காபி இரண்டு தம்ளரிலேயே வரம்பைத் தொட்டுவிடும். தேநீரையும் குளிர்பானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

*

சகோதரிக்கு வணக்கம். ஆண்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சென்னையில் இரவுப் பணி பார்ப்பவன் நான். கோலாவும் எனர்ஜி டிரிங்கும்தான் எனக்குத் துணை. விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை குறைவாக வந்தபோது மருத்துவர் முதலில் சிகரெட்டைப் பற்றியும், அடுத்துத் தூக்கத்தைப் பற்றியும், அதன் பிறகே பானங்களைப் பற்றியும் கேட்டார். டென்மார்க்கில் 2,500க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், மிதமான கஃபைனுக்கும் விந்தின் தரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் கோலாவை மிக அதிகமாகக் குடித்தவர்களுக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தது. அதற்குக் காரணம் கஃபைனா, அவர்களுடைய உணவுப் பழக்கமா என்பது முடிவாகவில்லை. விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆவதால், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்தோம், எண்ணிக்கை உயர்ந்திருந்தது. சிகரெட்டையும் விட்டிருந்ததால், இந்தப் பெருமை முழுவதையும் கோலாவை நிறுத்தியதற்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

*

இருவருக்கும் வணக்கம். எனக்குக் கரு தங்காமல் கலைந்தது. அமெரிக்காவில் மிச்சிகன், டெக்சஸ் மாநிலங்களில் தம்பதியரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், கருத்தரிப்பதற்கு முன் நாளுக்கு இரண்டுக்கு மேல் கஃபைன் பானம் அருந்தியவர் மனைவியானாலும் கணவரானாலும், கருச்சிதைவு வாய்ப்பு ஏறக்குறைய ஒரே அளவில் அதிகமாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. தொடக்கக் காலச் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் ஏற்படும் கோளாறால் நேர்பவை என்று மருத்துவர் சொன்ன பிறகே எனக்கு அழுகை நின்றது. இப்போது நாங்கள் இருவருமே குறைத்துக்கொண்டிருக்கிறோம். திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால், தம்ளரின் எண்ணிக்கையில் கை வைக்காமல், முதலில் டிகாக்ஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டினோம். மாலைக் காபியை அதன் பிறகுதான் விட்டோம்.