பம்ப் மாட்டி மூன்று வாரம்: காலையில் 340, ஆலாரமே அடிக்கவில்லை

சிரிஞ்சுகாலத்து அக்கா:
எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். பதினொரு வயதில் சிரிஞ்சு, அப்புறம் பென் (பேனா மாதிரி இன்சுலின் ஊசி), இப்போது 38 வயதில் இன்சுலின் பம்ப். ராத்திரி பத்து மணியானால் இன்னும் கை தானாக மேசை டிராயருக்குப் போகிறது, நீண்ட நேர இன்சுலின் பென்னைத் தேடி.

செவ்வாய் இரவு படுக்கும் முன் செட் (பம்பிலிருந்து உடம்புக்கு இன்சுலின் கொண்டுவரும் குழாய்) மாற்றினேன். அப்போது சர்க்கரை 132. காலையில் நாக்கு வறண்டு, வயிற்றைப் புரட்டியது. பார்த்தால் 340. பம்ப் திரையோ ராத்திரி முழுக்க ஒழுங்காகப் போட்டதாகக் கணக்குக் காட்டுகிறது. நம்பி, பம்பிலேயே 5 யூனிட் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து 365! கடுப்பில் பிய்த்தெடுத்தால், கேனுலா, அதாவது தோலுக்குள் போகும் மெல்லிய முனைக்குழாய், முழங்கையை மடக்கினது போல மடிந்து கிடக்கிறது. ரத்தக் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) 1.6. டாக்டருக்குப் போன் போட்டு, சொன்ன அளவைப் பென்னில் போட்டுக்கொண்டேன். மதியத்துக்குள் இறங்கிவிட்டது.

அடைத்தால் ஆலாரம் அடிக்கும் என்றுதானே சொன்னார்கள்? ஏன் அடிக்கவில்லை?

ஆறுவருடப் பம்ப்:
அழுத்தம் ஏறினால்தான் அடிக்கும் அக்கா. உங்கள் பேசல், அதாவது பம்ப் நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் இன்சுலின், மணிக்கு 0.6 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட் ஒரு மில்லி என்றால் அது 0.006 மில்லி. ஒரு சொட்டில் எட்டில் ஒரு பங்கு இருக்குமா? அவ்வளவு கொஞ்சமாகத் தள்ளும்போது அழுத்தம் ஏறவே மணிக்கணக்காகும். மடிந்த இடத்தில் மேலே கசிந்துவிட்டால் ஏறவே ஏறாது. மோட்டார் எவ்வளவு தள்ளியது என்பதுதான் பம்புக்குத் தெரியும். உடம்புக்குள் போனதா என்று அதற்குத் தெரியாது.

பென்னில் ஒரு ஊசி வேகமான இன்சுலின் தவறினாலும் நீண்ட நேர இன்சுலின் தோலடியில் இருப்பாகக் கிடக்கும். பம்பில் இருப்பே கிடையாது, வேகமானது மட்டும்தான். நின்றால் சில மணி நேரத்தில் கீட்டோன் வந்துவிடும். அதனால் காரணமில்லாமல் 250 தாண்டினால் முதலில் கீட்டோன் பார்ப்பேன். சர்க்கரையை இறக்கப் பம்பில் கொடுத்த ஒரு திருத்த டோஸுக்கு இறங்கவில்லையா, திரையோடு வாதாடாமல் அடுத்ததைப் பென்னில் போட்டுவிட்டு செட்டை மாற்றிவிடுவேன். (எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த முறை இது. உங்களுக்கான அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.) அப்புறம், படுக்கப் போகும்போது செட் மாற்றவே மாற்றாதீர்கள்!

திரும்பிவந்தவன்:
நான் ஏழு மாதம் பம்ப் போட்டுவிட்டுப் பென்னுக்கே திரும்பியவன். குழாய் கதவுப்பிடியில் மாட்டி இழுத்தது மூன்று தடவை. மூன்றாவது தடவையோடு போதும் என்றாகிவிட்டது. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

இரும்பு ஊசி:
மடிவதுதான் தொல்லை என்றால் ஸ்டீல் ஊசி செட் கேட்டுப் பாருங்கள், அது மடியாது. ஆனால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். நீங்கள் ஒல்லி என்றால் சாய்வாக ஏற்றும் கேனுலாவும் இருக்கிறது. இன்னொன்று: எந்த இடத்தில் குத்தினீர்கள்? 27 வருடமாக ஊசி போட்ட அதே இடமா? விரலால் தடவிப் பாருங்கள், கட்டி மாதிரி இருக்கிறதா?

சிரிஞ்சுகாலத்து அக்கா:
தம்பி, தடவிப் பார்த்தேன். தொப்புளுக்கு இடப்பக்கம், நாலு விரல் அகலத்துக்கு ரப்பர் மாதிரி. சின்ன வயதிலிருந்தே வலிக்காத இடம் அது, அதனால் அங்கேயேதான் குத்துவேன். வலிக்காததே கட்டியால்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. மூன்று வாரமாக செட்டையும் அங்கேதான் போட்டிருக்கிறேன்!

இன்று காலை ஏழு மணிக்கு வலது இடுப்பில் மாற்றினேன். சுரீரென்று வலித்தது. ஒன்பது மணிக்கு 141, பதினொன்றுக்கு 118. ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும் வேகமான இன்சுலின் பென்னின் காலாவதி தேதியையும் பார்த்துவிட்டேன், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

தூங்கும்போது பம்பை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்? நேற்று அதன் மேலேயே புரண்டு படுத்துவிட்டேன்.

ஆறுவருடப் பம்ப்:
தலையணை உறைக்குள். ஆனால் எழுந்து நடக்கும்முன் ஞாபகம் வேண்டும்.