சொந்த இடத்தில் வாரச்சந்தை: ஊராட்சியில் உரிமம் வாங்க என்னென்ன வேண்டும்?

வெண்ணாறு வடகரை:

நீடாமங்கலம் – மன்னார்குடி பக்கம், பேரூராட்சி எல்லைக்கு வெளியே, மாநில நெடுஞ்சாலையை ஒட்டி மூணு மா (கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்) இடம். தனிப்பட்டா, வில்லங்கம் ஏதும் இல்லை. ரோட்டுப் பக்கம் ஒரு மா புஞ்சை, பின்னால் ரெண்டு மா நஞ்சை. ரோட்டுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பாசன வாய்க்கால் ஓடுகிறது.

வாரத்தில் ஒரு நாள் சந்தை போடலாம் என்று எண்ணம். காய்கறி, மீன், கருவாடு, மண்சட்டி, துணி, ஓரமாக ஆடு கோழி. மொத்தம் 60 கடை, கடைக்கு நாள் வாடகை 40 ரூபாய். அதே ஊராட்சிக்குச் சொந்தமான சந்தை ஒன்றரை கிலோமீட்டரில் குத்தகைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மனு யாருக்குப் போடுவது, கூட என்னென்ன வைப்பது, ஊராட்சிக்கு எவ்வளவு கட்ட வேண்டிவரும்? நஞ்சையை மேடாக்க சவுடு மண் அடிக்க ஆள் பேசியாச்சு, அதில் சிக்கல் வருமா?

அடங்கல்:

சவுடு வண்டியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற, 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் பிரிவு 47-ஏ படி நகர் ஊரமைப்பு இயக்குநரின் அனுமதி வேண்டும். நஞ்சை என்பதால் அதற்குமேல் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். ஆட்சியர் வேளாண்மை இணை இயக்குநரிடம் கருத்துக் கேட்பார். சுற்றிலும் நடவு நடக்கிற வயல், நடுவில் உங்கள் ரெண்டு மா மட்டும் மேடு என்றால், பக்கத்து வயலுக்கு வடிகால் அடைபடும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாலே கோப்பு நின்றுவிடும். அனுமதிக்கு முன்னால் மண் கொட்டிவிட்டால், விண்ணப்பதாரர் என்ற நிலையிலிருந்து விதிமீறியவர் என்ற நிலைக்குப் போய்விடுவீர்கள். நடைச்சீட்டு (மண் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) இல்லாத மண் என்றால் கனிமவளத் துறை தனியாக வரும்.

புஞ்சைக்கும் உபயோக மாற்ற அனுமதி வாங்க வேண்டும், ஆனால் ஆட்சியர் இசைவு என்ற அந்தப் படி இல்லை. “கட்டிடமே இல்லையே, வாரத்தில் ஒரு நாள்தானே” என்று வாதம் செய்யலாம்தான். சிமெண்ட் மேடை போட்ட அன்றே அது செல்லாது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் புஞ்சைப் புல எண்ணுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே புல எண்ணுக்குள் இருந்தால் முதலில் உட்பிரிவு செய்து, தனி வரைபடம் வாங்கிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சந்தை வைக்கவே கூடாது என்று யாராவது பயம் காட்டுவார்கள். 2020-ல் வந்த அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருப்பது உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய் எரிவாயு துரப்பணம் போன்றவை. சந்தை அதில் இல்லை.

அடுத்து, மனு யாருக்கு. கிராம ஊராட்சி என்பதால் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். தனியார் சந்தையைத் திறக்கவும் தொடர்ந்து நடத்தவும் ஊராட்சியின் உரிமம் கட்டாயம். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிற காலம் என்றால் அவர் பேருக்குத்தான் மனு. டெல்டா மாவட்டங்களில் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது நினைவிருக்கும். ஒன்றிய அலுவலகத்தில் ரெண்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இருப்பார்கள். வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர். நீங்கள் பார்க்க வேண்டியவர் இரண்டாமவர். மாற்றிக் கொடுத்தால் மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகவே ஒரு மாதம் ஆகும்.

இடம் பேரூராட்சிக்குள் இருந்திருந்தால் இது எதுவும் பொருந்தாது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றுக்கும் 1998 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 13-ல்தான். 1920 சட்டத்தின் பிரிவு எண்ணைப் போட்டு இன்னும் சுற்றுகிற பழைய மனு மாதிரிகளைத் தொடாதீர்கள்.

மனுவோடு பட்டா, சிட்டா, அ-பதிவேடு நகல், புலப்படம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது. கடைசியாகச் சொன்னது எதற்கென்றால், ஊராட்சிக்கு உங்கள் பேரில் பாக்கி இருந்தால் மனுவைத் தொடவே மாட்டார்கள். இவற்றோடு கையால் வரைந்த ஒரு இட வரைபடமும் வேண்டும். வாசல், கடை வரிசை, தண்ணீர், கழிப்பறை, குப்பைக் குழி, வண்டி நிறுத்தம் ஆறும் அதில் தெரிய வேண்டும். சுகாதார ஆய்வாளர் அந்தத் தாளை வைத்துத்தான் இடத்தைப் பார்ப்பார்.

படிக்கல்:

அடங்கல் சார் பணத்தைத் தொடவில்லை, அதை நான் சொல்கிறேன்.

கடைக்காரர்களிடம் எந்தக் கட்டணமும் வாங்காத சந்தை என்றால் உரிமம் இலவசம். வாடகை வாங்க அனுமதி கேட்டால், முந்தைய ஆண்டில் சந்தையிலிருந்து வந்த மொத்த வருமானத்தில் 15 சதவீதம் வரை ஊராட்சி உரிமக் கட்டணம் போடலாம். மொத்த வருமானம் என்பதைக் கவனியுங்கள். கூட்டுகிறவர் கூலி, கரண்டு எதையும் கழிக்க முடியாது. உங்கள் கணக்குப்படி 60 கடை, 40 ரூபாய், 52 வாரம்: 1,24,800 ரூபாய். அதில் 15 சதவீதம் 18,720.

முதல் வருடம்தான் ஆபத்து. முந்தைய ஆண்டே கிடையாது, அதனால் மனுவில் நீங்கள் எழுதுகிற எண்ணை வைத்தே கணக்குப் போடுவார்கள். பெருமைக்கு 60 கடை என்று எழுதாதீர்கள். புதுச் சந்தைக்கு முதல் ஆண்டில் பாதிக்கு மேல் கடை சேர்ந்தாலே நல்லது. ஐப்பசி கார்த்திகை மழையில் பல வாரம் சந்தையே நடக்காது. 35 கடை, 40 வாரம் என்று எழுதுங்கள். 56,000 ரூபாய் வரும், அதற்கு 15 சதவீதம் 8,400. தீர்மானத்தில் சதவீதமாக இல்லாமல் ரூபாயாகவே எழுதச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து ரசீதுப் புத்தகம்தான் ஆதாரம்: வரிசை எண் அச்சடித்தது, அடிக்கட்டையோடு, நூறு தாள் புத்தகம். அடிக்கட்டை இல்லையென்றால் அதிகாரி தன் உத்தேசத்தைப் போட்டுக்கொள்வார், மறுத்துப் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

கட்டண விவரப் பலகை வாசலில் தமிழில் இருக்க வேண்டும். உரிமத்தில் உள்ள தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் உரிமத்தை நிறுத்த அதுவே காரணம் ஆகும். “கடை 40 ரூபாய்” என்று மட்டும் எழுதாமல் இப்படிப் பிரித்து எழுதுங்கள்:

தரைக்கடை (8 அடிக்கு 6 அடி) – 40
கூடை, தலைச்சுமை – 10
மீன் மேடை – 60
ஆடு ஒன்றுக்கு – 20
சைக்கிள், பைக் – 5

கூடைக்காரப் பெண்களுக்குத் தனி வகை இல்லாவிட்டால் அவர்கள் வாசலுக்கு வெளியே ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவார்கள். ரோட்டில் உட்கார்ந்தவரிடம் நீங்கள் காசு வாங்க முடியாது, வாடிக்கையோ அங்கேயே பாதி நின்றுவிடும்.

தராசு விஷயமும் உரிம நிபந்தனையில் வரும். படிக்கல்லுக்கும் சாதாரணத் தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை, மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும். பொறுப்பு வியாபாரியுடையதுதான், ஆனாலும் முத்திரை காலாவதியான தராசுகள் வரிசையாகக் கிடைத்தால் சந்தையின் பேர் கெடும். முத்திரையிட்ட ஒரு பொதுத் தராசை வாசலில் வையுங்கள், சண்டை பாதி குறையும்.

நெல், உளுந்து மொத்த வியாபாரத்தை உள்ளே விடாதீர்கள். அரசு அறிவிக்கை செய்த விளைபொருள் வந்தால் அது வேளாண் விற்பனைக் குழுவின் எல்லை. 1987 வேளாண் விளைபொருள் சந்தைப்படுத்துதல் சட்டப்படி வியாபாரிக்குத் தனி உரிமம், 1 சதவீதம் சந்தைக் கட்டணம் என்று அது வேறு பாதையில் போகும்.

வெண்ணாறு வடகரை:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. சவுடை நிறுத்தியாச்சு. குத்தகைதாரர் பத்தி யாரும் சொல்லலையே? அவர் ஆட்சேபணை போட்டால் மனு நிற்குமா? நஞ்சை இல்லாமல் ஒரு மாவில் 60 கடை அடங்குமா?

குடமுருட்டி:

அடங்கும். ஒரு மா என்றால் 100 குழி, 14,400 சதுர அடி. 8-க்கு 6 கடை 48 சதுர அடி, 60 கடைக்கு 2,880. இடத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். முதுகோடு முதுகாக இரட்டை வரிசை போட்டு, நடுவில் 10 அடி நடைபாதை விடுங்கள். 6 அடி விட்டால் மூட்டை தூக்கி வருகிறவரும் பேரம் பேசுகிறவரும் முட்டிக்கொள்வார்கள். முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கை வண்டிக்கு ஒதுக்குங்கள். சரக்கு இறக்குகிற டாடா ஏஸ் திரும்ப இடம் இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் நிற்கும், முதல் புகார் போலீஸிடமிருந்துதான் வரும். நஞ்சையில் வழக்கம்போல நடவு நடக்கட்டும்.

மீன் மேடையை வாசலிலிருந்து தள்ளி, மேல்காற்று அடிக்கும்போது வாடை மற்ற கடைக்குப் போகாத மூலையில் போடுங்கள். தரைக்கு 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு, முடிவில் கம்பி வலை போட்ட தொட்டி. செதில் வலையில் நிற்கும், தண்ணீர் மட்டும் இறங்கும். அந்தத் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி வெட்டலாம் என்று சொல்வார்கள். சித்திரையில் நன்றாக உறிஞ்சும். ஐப்பசியில் நம்ம ஊரில் ரெண்டடி தோண்டினால் தண்ணீர், குழி எதையும் உறிஞ்சாது, மேலே வழியும். மூடிய தொட்டி கட்டி வண்டி வைத்து இறைப்பதுதான் வழி. வாய்க்காலில் விட்டால் சந்தை அத்தோடு முடிந்தது.

வாய்க்காலைத் தாண்டி வாசல் போட நீர்வளத் துறை அனுமதி, ரோட்டில் இணைக்க நெடுஞ்சாலைத் துறை அனுமதி, ரெண்டும் தனித்தனி. குழாயின் அகலத்தைப் பிரிவுப் பொறியாளர் சொல்வார், மேஸ்திரி சொல்வதைக் கேட்காதீர்கள். சின்னக் குழாய் போட்டால் ஆகாயத்தாமரை அடைத்துக் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் இடித்துப் போட்டுவிடுவார்கள். வேலையை வைகாசிக்குள் முடியுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28 வரை வாய்க்காலில் கை வைக்க முடியாது.

கரண்டு: பின்னால் இருக்கிற பம்புசெட் இலவச இணைப்பிலிருந்து ஒரு பல்பு கூட இழுக்காதீர்கள். அபராதம் போடுவார்கள், விவசாய இணைப்புக்கும் சிக்கல் வரும். வணிக இணைப்புத் தனியாக வாங்குங்கள்.

ஆடு கோழியை உயிரோடு விற்பது வரைதான் சந்தை. அறுப்பதற்கு அனுமதி வேறு. மனுவில் “உயிருள்ள ஆடு, கோழி விற்பனை மட்டும்” என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

அடங்கல்:

குத்தகைதாரர் கேள்விக்கு. ஏற்கெனவே முறையாக நடக்கிற தனியார் சந்தைக்கு ஊராட்சி உரிமம் தந்தாக வேண்டும். புதுச் சந்தைக்கு அப்படியில்லை, தரலாம், மறுக்கலாம், நிபந்தனை போடலாம். ஆகவே அவருடைய ஆட்சேபணைக்கு எடை உண்டு. ஆண்டு நடுவில் போனால் “இந்தச் சந்தை ஒன்றுதான் என்று நம்பி ஏலம் கேட்டேன்” என்பார், ஊராட்சியும் தன் வருமானம் போகிறதே என்று அவர் பக்கம் சாயும்.

இதற்குக் காலம்தான் மருந்து. உரிமமும் குத்தகையும் ஏப்ரல் முதல் மார்ச் வரைதான். அடுத்த ஏப்ரலிலிருந்து உரிமம் வேண்டும் என்று இந்த டிசம்பர், ஜனவரியிலேயே மனுக் கொடுங்கள். ஏல அறிவிப்புக்கு முன்னால் உங்கள் மனு பதிவேட்டில் ஏறியிருந்தால், ஏலம் கேட்கிறவர் தெரிந்தேதான் கேட்கிறார். இன்னொன்று: அவர் சந்தை கூடுகிற கிழமைக்கு மூன்று நாளாவது தள்ளி உங்கள் கிழமையை வையுங்கள், அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அதே வியாபாரிகள்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், கிழமை மோதாவிட்டால் அவருக்கும் நட்டம் பெரிதாக இராது. ஜனவரி 26 கிராம சபையில் யாராவது இதை எழுப்புவார்கள், நேரில் போய் வரைபடத்தோடு உட்காருங்கள். கிராம சபை ஒப்புதல்தான் உரிமம் என்று நினைத்துவிடக் கூடாது, ஆனால் அங்கே எழுந்த எதிர்ப்பு நடவடிக்கைக் குறிப்பில் ஏறினால் பிறகு அழியாது.

ஒரு வேலி நிலம்:

இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. கேட்டவருக்குத் தனிப்பட்டா, பிரச்சினை இல்லை. இந்தப் பக்கம் பாதி நிலம் கோயிலுடையது, மடத்துடையது. சாகுபடிக் குத்தகையில் இருக்கிற கோயில் நிலத்தில் சந்தை போட்டால் சாகுபடியை விட்டதாக ஆகிவிடும், குத்தகைதாரர் என்ற பாதுகாப்பே போய்விடும். புதிதாகக் குத்தகைக்கு எடுப்பதென்றாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் என்றால் அறநிலையத் துறை ஆணையர் ஒப்புதல் வேண்டும். செயல் அலுவலர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி மேடை கட்டாதீர்கள்.

வெண்ணாறு வடகரை:

புஞ்சை மட்டும் என்று முடிவாகிவிட்டது. மனுவை ஊராட்சிச் செயலர் கையில் கொடுத்தால் போதுமா, தபாலில் அனுப்பணுமா?

படிக்கல்:

ரெண்டும் செய்யுங்கள் தம்பி. செயலரிடம் ஒரு நகல் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை, தேதி, பதிவேட்டு எண் மூன்றும் வாங்குங்கள். “அப்புறம் நம்பர் போடறேன்” என்றால், அன்றைக்கே தனி அலுவலருக்கு ஒப்புகையோடு விரைவுத் தபால் (பதிவுத் தபால் 2025-ல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது). இணைப்பு எத்தனை பக்கம் என்று மனுவின் அடியில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். புலப்படத்தைக் காணோம் என்று பிறகு திருப்பி அனுப்ப முடியாது.