தொட்டி தாங்கியது, பம்ப் போயிற்று: பனி ஊர் அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து ஒருவர்:

மகள் வீடு அமெரிக்காவில், மினசோட்டாவில். கொல்லையில் தரைக்கு மேல் நிற்கிற வட்டமான நீச்சல் தொட்டி, 24 அடி அகலம், நாலடித் தண்ணீர். கணக்குப் போட்டால் 50,000 லிட்டரைத் தாண்டுகிறது. பாலாற்றங்கரையில் பிறந்து டேங்கர் லாரிக்குக் குடம் தூக்கிய எனக்கு அதைப் பார்த்தாலே மனசு அடித்துக்கொள்ளும்.

செப்டம்பர் கடைசியில், “மாமா, பனிக்காலத்துக்குத் தொட்டியை மூடணும்” என்றார் மாப்பிள்ளை. நம்ம மாடித் தொட்டி மாதிரி திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, காயவைப்பதுதான் என்று நினைத்துத் துடைப்பத்தோடு போனேன். ஓடிவந்து தடுத்தார். சுவர் வெறும் தகடு, உள்ளே வினைல் விரிப்பு. இரண்டையும் பிடித்து நிறுத்துவதே தண்ணீரின் கனம்தானாம். காலி செய்தால் காற்றில் சுவர் மடங்கிவிடும், விரிப்பும் குளிரில் சுருங்கிக் கிழியும்.

அதனால் ஸ்கிம்மர் வாய்க்கு, அதாவது மேலே மிதக்கும் குப்பையோடு தண்ணீரை இழுக்கிற சுவர்த் துளைக்கு, நாலு அங்குலம் கீழே வரைக்கும்தான் இறக்கினோம். குளோரின், பாசி மருந்து எல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். தண்ணீர் திரும்பி வரும் துளைக்கு ரப்பர் அடைப்பு. பம்பைக் கழற்றித் தண்ணீரை வடிப்பது என் வேலை. முன்னால் இருந்த திருகைத் திறந்தேன், சளசளவென்று கொட்டியது. கவிழ்த்துக் குலுக்கி, துணியால் துடைத்து, ஷெட்டில் வைத்தேன். மோட்டார் பக்கம் அடியில் இன்னொரு சின்னத் திருகு இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

ஜனவரியில் மைனஸ் 25. தொட்டி கல்லாக உறைந்து கிடந்தது. மூடியின் மேல் பனி, பனிமேல் முயல் கால்தடம். எப்போது வெடிக்குமோ என்று தினமும் சன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை. ஊர் திரும்பின பிறகு மே மாதம் வீடியோவில் பம்பைக் காட்டினார்கள். அடிவயிற்றில் தலைமுடி போல ஒரு விரிசல், சுவிட்சைப் போட்டால் அதில் பீய்ச்சி அடிக்கிறது. உள்ளே தங்கியது ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்குமாம். பெரிய தொட்டியில் பருக்க இடம் இருந்தது, பம்புக்குள் இல்லை. மாப்பிள்ளை ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ராணிப்பேட்டை, இப்போது கனடாவில் ஒன்டாரியோ:

ஐயா, திருகு விஷயத்தில் நாங்களும் உங்கள் கட்சி. எங்களுக்கு ஃபில்டரில் போனது.

தலையணை பற்றி நீங்கள் சொல்லவில்லையே? மூடிக்கு அடியில், தொட்டி நடுவில், காற்றடைத்த பெரிய பை ஒன்றை மிதக்கவிடுவோம். பனிக்கட்டி நெருக்கினால் சுவரைத் தள்ளாமல் அது நசுங்கிக்கொடுக்கும். முதல் வருடம் அதை முழுசாக ஊதினேன், டப்பென்று போய்விட்டது. முக்கால்வாசிக்கும் குறைவாகத்தான் ஊத வேண்டும். கடைத் தலையணை வேண்டாம் என்று அடுத்த வருடம் என் வீட்டுக்காரர் லாரி டியூப் வாங்கி வந்தார். நைனா என்னை இடுப்பில் டியூப் கட்டிக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கினது ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. நாலு பக்கமும் கயிறு கட்டுங்கள், இல்லாவிட்டால் ஓரத்துக்குப் போய் ஒண்டிக்கொள்ளும்.

இன்னொன்று, மூடிமேல் தேங்கும் மழைத் தண்ணீரைச் சின்னப் பம்ப் வைத்து அவ்வப்போது எடுத்துவிடுங்கள். நாங்கள் ஒரு வருடம் விட்டுவிட்டோம். அந்தக் கனத்தில் மூடி உள்ளே இறங்கி, அழுகின இலையெல்லாம் தொட்டியில் கலந்தது. ஏப்ரலில் திறந்தால் நம்ம வேலூர்க் கோட்டை அகழி நிறம்.

குடியாத்தம்:

ஏலகிரியில் ஒரு நண்பர் இதே மாதிரி தொட்டி போட்டிருக்கிறார். மார்கழியில் அவரும் இதெல்லாம் செய்யணுமா சார்?

காட்பாடி:

வேண்டாம் தம்பி. 1,100 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர்தான் வேண்டும், ரப்பர் அடைப்பு இல்லை. பாசி பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அம்மா, தலையணை மாப்பிள்ளையும் வைத்தார், நான்தான் எழுத விட்டுவிட்டேன். இந்த அக்டோபரில் மறுபடி மகள் வீட்டில் புதுப் பம்பை நானே கழற்றினேன். திருகுகள் தொலையாமல் இருக்க, பம்பில் குப்பையைப் பிடிக்கிற வடிகூடைக்குள்ளேயே போட்டு வைப்பது அங்கே வழக்கம். ஷெட்டைப் பூட்டுமுன் கூடையைத் திறந்து எண்ணினேன். இரண்டு. அப்புறம் ராத்திரி எழுந்து டார்ச்சோடு போய் இன்னொரு தரம் எண்ணினேன்.