மறு: பேஸ்மென்ட் மெம்ப்ரேன் – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம்.

பேஸ்மென்ட் மெம்ப்ரேன் என்பது எபிதீலியத்துக்கு, அதாவது உறுப்புகளின் பரப்பை மூடும் செல் அடுக்குக்கு, அடியில் இருக்கும் மெல்லிய படலம். அதற்குப் பலரும் எழுதுகிற 'அடித்தளச் சவ்வு' எனக்குப் பொருந்தவில்லை. செல் சவ்வு என்றால் அடிப்படையில் கொழுப்பு அடுக்கு. இதுவோ புரதப் பின்னல். நாலாம் வகை கொலாஜன் என்ற புரதம் ஒரு வலை, லாமினின் என்ற புரதம் இன்னொரு வலை. நைடோஜன், பெர்லிகன் என்ற வேறு இரு புரதங்கள் இரண்டையும் இணைக்கின்றன. நம் செட்டிநாட்டு ஓலைக் கொட்டானின் பின்னலைப் போலத்தான். 'அடிப்பின்னல்' என்று முன்வைக்கிறேன்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருக்கிறது. வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். வாயின் எபிதீலிய அடுக்கில் இரத்தக் குழாயோ நிணநீர்க் குழாயோ கிடையாது. புற்றுச்செல்கள் பின்னலுக்கு மேலேயே நிற்கும்வரை கழுத்து நிணநீர் முடிச்சுக்குப் போக வழியில்லை. எம்எம்பி-2, எம்எம்பி-9 ஆகிய நொதிகள் நாலாம் வகை கொலாஜனை வெட்டுகின்றன. அறுந்த இடம் வழியாகச் செல்கள் கீழே இறங்குகின்றன. அதன் பிறகு சிகிச்சையே வேறு.

குழுவில் ஒருவர் சொன்ன 'அடிச்சுவர்' வேண்டாம் என்பேன். சுவரை இடிக்கத்தான் முடியும். இங்கே நடப்பது அதைவிடச் சிக்கல்: ஊடுருவும் முனையில் நிற்கும் செல்கள் லாமினின்-332 என்ற லாமினின் வகையின் ஒரு பகுதியான காமா-2 சங்கிலியைத் தாமே கூடுதலாக உண்டாக்குகின்றன, அது அவை நகரவும் உதவுகிறது. அறுப்பதும் புது இழை விடுவதும் சேர்ந்தே நடக்கின்றன. பின்னல் என்ற சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது.

காரைக்குடிப் பக்கம் வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் பழகிய ஆச்சிமாரிடம் பயாப்ஸி முடிவைச் சொல்லும்போது, "அடிப்பின்னல் இன்னும் அறுபடவில்லை, இப்போதே அகற்றிவிடலாம்" என்றால் புரியும்.

*

தேவகோட்டையிலிருந்து ஐயாவின் பதில்:

தம்பி, சுவரை விட்டுவிடலாம், சரி. ஆனால் நரம்புகள் பின்னிக் கிடக்கும் பிளெக்ஸஸுக்கு 'நரம்புப் பின்னல்' என்று ஏற்கெனவே எழுதுகிறோமே? அப்புறம், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிகிற பேசல் லேமினா என்ற மேல் அடுக்குக்கும் தனிச்சொல் தேவை. அதன் கீழுள்ள வலைநார்ப் பகுதியும் சேர்ந்தால்தானே முழு மெம்ப்ரேன்? 'அடித்தகடு' எப்படி?

*

ஐயா, அடித்தகடு நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்வோம். பிளெக்ஸஸைச் சொல்லும்போது 'நரம்பு' என்ற முன்சொல் கூடவே வந்துவிடும். அதனால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். புற்றுச்செல்கள் பின்னலைத் தாண்டிப் புகும் இன்வேஷனுக்கு 'ஊடுருவல்' போதும். 'படையெடுப்பு' என்று அறிக்கையில் எழுதினால் நோயாளி அங்கேயே தளர்ந்துவிடுவார்.