நாட்டைவிட்டு வெளியேற்றும் விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க உரிமை உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். குடியேற்றம் பற்றி நண்பர்களோடு பேச்சு வரும்போதெல்லாம் "நாட்டின் பாதுகாப்புதானே முக்கியம், வந்தவருக்கு என்ன உரிமை?" என்ற கேள்வியில் திணறிவிடுகிறேன். பாதுகாப்புக் கவலையை நான் ஒதுக்கவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையே அதை ஏற்கிறது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்னும் 33-ஆவது பிரிவில், நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருத நியாயமான காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. சித்திரவதை நடக்கும் ஆபத்துள்ள இடத்துக்கு அனுப்பக்கூடாது என்னும் 1984 சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் அந்த விலக்கு கிடையாது. இதுவரை சரி.

எனக்குப் பிடிபடாதது மொழி விஷயம். 1966 குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு, குற்ற வழக்கில் நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்கிறது. சட்டப்படி தங்கியிருக்கும் வெளிநாட்டவரை வெளியேற்றுவது பற்றிய 13-ஆவது பிரிவோ, அவர் தன் தரப்பைச் சொல்ல விட வேண்டும் என்கிறது. மொழியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேள்வியே புரியாதவர் பதில் எப்படிச் சொல்வார்? மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இங்கே வழக்கறிஞர்களோ மொழிபெயர்ப்பாளர்களோ இருந்தால் சொல்லுங்கள்: நடைமுறையில் மொழிபெயர்ப்பாளரை யார் ஏற்பாடு செய்கிறார்கள்? தப்பாக மொழிபெயர்த்துவிட்டால் மறுவிசாரணை கேட்கலாமா? அப்புறம், தமிழில் எளிமையான விளக்கம் எங்காவது இருந்தால் அதையும் பகிருங்கள்.