அம்மாவின் பி.எஃப். சேவையில் இடைவெளிகள்: பத்து ஆண்டு நிறையுமா?

துத்திப்பட்டுவாசி கேட்டது:

என் தாயார் ஆம்பூர்ப் பகுதி ஷூ கம்பெனிகளில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைப்பவர். 2026 ஜூனில் அவருக்கு 58 வயது நிறைகிறது. ஓய்வூதியம் வருமா என்று, வருகைப் பதிவும் பி.எஃப். வேலையும் பார்க்கும் டைம் ஆபீசில் கேட்டதற்கு, “ஆறு வருடம்தான் காட்டுகிறது, பத்து வேண்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் மூன்று கம்பெனிகளில் உழைத்திருக்கிறார். முதல் கம்பெனியில் 2004 ஆகஸ்ட் முதல் 2008 டிசம்பர் வரை இருந்தார். தம்பிக்கு உடல்நலம் கெட்டதால் நின்றுவிட்டார். அடுத்ததில் 2013 பிப்ரவரி முதல் 2016 ஆகஸ்ட் வரை இருந்து, ஆர்டர் குறைந்தபோது ஆட்குறைப்பில் வெளியே வந்தார். 2023 ஜூனில் இப்போதைய கம்பெனியில் சேர்ந்தார். பி.எஃப். கணக்குகளையெல்லாம் ஒன்றாகக் காட்டும் அவருடைய யு.ஏ.என். எண்ணில் பின்னிரண்டு கம்பெனிகளும் தெரிகின்றன. முதல் கம்பெனியைக் காணவே இல்லை.

முதல் கம்பெனியை விட்டபின் ஏதோ பணம் வந்ததாம். எதற்கான பணம் என்று அவருக்குத் தெரியவில்லை. டைம் ஆபீஸ்காரர் பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன் என்கிறார். அந்த ஆண்டுகள் கணக்கில் சேருமா? சேராது என்றால், விட்டுப்போன காலத்துக்கு நாமே பணம் கட்டி நிரப்ப வழி இருக்கிறதா?

காட்பாடி கணக்கர் எழுதியது:

இடைவெளியைக் கண்டு கலங்க வேண்டாம். 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வெவ்வேறு கம்பெனிகளில் செய்த சேவை, நடுவில் எத்தனை ஆண்டு விட்டுப்போயிருந்தாலும், கூட்டித்தான் பார்க்கப்படும். ஆறு மாதமும் அதற்கு மேலும் முழு ஆண்டாகக் கொள்ளப்படுவதால் ஒன்பதரை ஆண்டு இருந்தாலே பத்தாகிவிடும். தங்கள் தாயாருக்கு முதலில் 4 ஆண்டு 5 மாதம், பிறகு 3 ஆண்டு 7 மாதம், 2026 மே முடியும்போது 3 ஆண்டு. ஆக மொத்தம் 11. முதல் கம்பெனியைக் கழித்தால் 6 ஆண்டு 7 மாதம்தான் மிஞ்சும்.

ஆகவே எல்லாம் அன்று வந்த பணத்தில்தான் இருக்கிறது. வேலையை விட்டவர் படிவம் 19 கொடுத்தால் பி.எஃப். தொகை வரும். ஓய்வூதியப் பங்குக்குப் படிவம் 10சி. அதைப் பணமாகவும் வாங்கலாம், பணம் வேண்டாம் என்று, செய்த சேவையைக் கணக்கில் வைத்திருக்கும் ஸ்கீம் சர்டிபிகேட்டாகவும் வாங்கலாம். பணமாக வாங்கியிருந்தால் அந்தச் சேவை அத்துடன் தீர்ந்தது. நானும் முப்பது ஆண்டு டைம் ஆபீசில் இருந்தவன்தான். இரண்டு படிவங்களையும் சேர்த்துப் பின் அடித்து நீட்டுவதே எங்கள் வழக்கம். ஸ்கீம் சர்டிபிகேட் என்று ஒன்று இருப்பதை, கேட்டவர்களுக்குத் தவிர, நான் சொன்னதே இல்லை.

அந்தக் காலத்து வங்கிப் பாஸ்புக்கைத் தேடிப் பாருங்கள். பி.எஃப். தொகையும் ஓய்வூதியப் பங்கும் வெவ்வேறு நிதிக்கணக்கிலிருந்து வருவதால் இரண்டு தனி வரவாகப் பதிவாகியிருக்கும். நான்கு ஆண்டுச் சேவைக்கு ஓய்வூதியப் பங்கு கடைசிச் சம்பளத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வரும். அப்படி ஒரு வரவு இருந்தால் முதல் கம்பெனியை மறந்துவிடலாம்.

வேலப்பாடிக்காரர் எழுதியது:

பணம் கட்டி நிரப்புவது பற்றி ஒன்று சொல்கிறேன். என் அக்காள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறார். அங்கே நேஷனல் இன்சூரன்ஸ் என்னும் பங்களிப்பில் குறைந்தது 10 தகுதி ஆண்டுகள் இருந்தால்தான் அரசு ஓய்வூதியம். 2016 ஏப்ரலில் வந்த புதிய முறையில் முழுத் தொகைக்கு 35 ஆண்டுகள் வேண்டும். விடுபட்ட ஆண்டுகளைத் தாமே பணம் செலுத்தி நிரப்பலாம், வழக்கமாக ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகக் குழந்தை உதவித்தொகை பெறும் தாய்க்கு அந்த ஆண்டுகள் வரவாகவே எழுதப்படுகின்றன. நம் திட்டத்தில் இந்த இரண்டுமே இல்லை. இங்கு ஓய்வூதிய நிதிக்குப் போவது முதலாளியின் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 விழுக்காடும் மத்திய அரசின் 1.16 விழுக்காடும்தான், வேலையே இல்லாத மாதத்துக்கு முதலாளியும் இல்லை, சம்பளமும் இல்லை என்பதால் யார், எதன்மேல் கட்டுவது? தம்பிக்கு உடல்நலமில்லாத ஆண்டுகளுக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கிறது, இங்கே இல்லை.

துத்திப்பட்டுவாசி:

பீரோவின் அடியில் பாஸ்புக் கிடைத்தது. பேனாவால் எழுதிய பக்கங்கள். 2009 மார்ச்சில் 23,180 ரூபாய் ஒரே வரவு. அதன்பின் 2011 வரை புரட்டினேன். மகளிர் குழுக் கடனும் தவணையும் தவிர வேறெதுவும் இல்லை. அப்போது அவருக்குச் சம்பளம் 2,600 ரூபாய்.

காட்பாடி கணக்கர்:

நல்லது. அந்தச் சம்பளத்துக்கு நான்கரை ஆண்டுப் பி.எஃப். தொகையும் வட்டியும் அந்த அளவுக்குத்தான் வரும்; 10சி பணம் என்றால் பத்து, பதினோராயிரமாகத் தனியே வந்திருக்கும். சேவை உயிரோடு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய பி.எஃப். எண்ணைச் சம்பளச் சீட்டிலிருந்து எடுத்து, ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு 10சி கொடுக்க வேண்டும். அந்தக் கம்பெனி மூடப்பட்டிருந்தால் வங்கி மேலாளரோ கெஜட்டட் அதிகாரியோ சான்றொப்பமிடலாம். பெயரும் பிறந்த தேதியும் ஆதாருடன் ஒத்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள்; அந்நாளில் வயதை நாங்களே உத்தேசமாக எழுதியதும் உண்டு. 58 நிறைந்ததும் அந்தச் சர்டிபிகேட்டை வைத்து, ஓய்வூதியம் கேட்கும் படிவம் 10டி.

தொகையைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். சராசரி 10,500 என்றால் 11 ஆண்டுக்கு 1,650 ரூபாய். 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்குச் சம்பளத்தின் உச்சவரம்பு 6,500 ரூபாய் என்பதாலும், சம்பளமில்லாத நாட்கள் கழிக்கப்படுவதாலும் அதிலும் சற்றுக் குறையும். 1,000 ரூபாய்க்குக் கீழே போகாது.

குடியாத்தம் பீடித்தொழிலாளி மகன்:

முதல் கம்பெனி ஒழுங்காகப் பணம் கட்டவில்லை என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். முதலாளி பங்கு செலுத்தவில்லை என்பதற்காக உறுப்பினருக்கு ஓய்வூதியத்தை மறுக்கக் கூடாது என்று திட்டத்தின் 16ஏ பத்தியே சொல்கிறது. என் அம்மாவுக்கு அந்தப் பத்தியைக் காட்டித்தான் வாங்கினோம். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது, விடுமுறையானால் அடுத்த வேலை நாளில். கவுண்டரில் நிற்பதைவிட அங்கே போவது மேல்.

துத்திப்பட்டுவாசி:

அனைவருக்கும் நன்றி. 27-ஆம் தேதி அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறேன். ஒரே ஒரு சம்பளச் சீட்டு அகப்பட்டிருக்கிறது, அதில் பி.எஃப். எண்ணின் கடைசி இலக்கம் மடிப்பில் அழிந்து, 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம் என்று இருக்கிறது. இரண்டையுமே எழுதி எடுத்துப் போகிறேன்.